தலையில் தட்டும் காகம்



சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் பங்கு இல்லத்துக்கு வழக்கமாக ஒரு விண்ணப்பம் வரும். "சாமி, காகம் தலையில் தட்டிருச்சு. சனி பிடிச்சிருச்சுன்னு தெருவில சொல்றாங்க. கைவச்சு ஜெபம் பண்ணுங்க." திருமுழுக்குப் பெற்ற நாமும் இந்த அச்சத்துக்கு விலக்கல்ல. வருகிறவருக்காக மன்றாடுகிறோம், கூடவே, வீட்டு மரத்தை அண்ணாந்து பார்க்கவும் சொல்கிறோம்.

ஏப்ரல் தொடங்கி ஜூலை வரை இங்கே காகம் கூடு வைக்கும் காலம். முட்டை பொரிய 16, 17 நாள். குஞ்சு கூட்டைவிட்டு இறங்க மேலும் மூன்று, நான்கு வாரம். சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சு தரையில் தத்தும் அந்தச் சில நாள்களில்தான் தாயும் தகப்பனும் யாரையும் விடுவதில்லை. தெருவில் பாவு நீட்டும் நெசவாளர், பள்ளிப் பிள்ளை, பூனை எல்லாம் அவற்றுக்கு ஒன்றுதான். பெரும்பாலும் பின்னாலிருந்தே தட்டும். குடை பிடித்துப் போனால் போதும், பரிகாரம் எதற்கு?

அந்தக் காகத்தையே விரட்டுகிற கரிச்சானைப் பார்த்திருப்போம், இரட்டைவால் குருவி என்போமே, அதுதான். பருந்தையும் துரத்திக் கொத்தும். அதன் கோபத்தை நம்பி மாங்குயிலும் புறாவும் அதே மரத்தில் குடியேறும்.

மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரம் முழுவதும் ஆண்டவர் மறைநூல் அறிஞரையும் பரிசேயரையும் கடுமையாகச் சாடுகிறார். அந்தச் சூடு ஆறுமுன்பே, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழிக்குத் தம்மை ஒப்பிடுகிறார். கோபம் எங்கே, கோழி எங்கே என்று நமக்குத் தோன்றலாம். குஞ்சுக்கோழியின் பக்கத்தில் போய்க் கொத்து வாங்கியவர்களுக்குத் தோன்றாது.

இணைச்சட்ட நூலும் 22ஆம் அதிகாரத்தில் கூட்டைப் பற்றிப் பேசுகிறது. குஞ்சோடு தாயையும் பிடிக்காதே, தாயைப் போகவிடு என்கிறது. அப்படிச் செய்பவருக்கு நலமும் நீடிய வாழ்வும் வாக்களிக்கிறது. தாய் தந்தையை மதிப்பவருக்குச் சொன்ன அதே வாக்கு, ஒரு பறவைக் கூட்டுக்கு!

அருகே வேடந்தாங்கலில், ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது உழவர்கள் ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு உரிமை எழுதி வாங்கினார்கள். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நம் பங்கில் ஒரு பெரியவர், பேரனின் காதோரம் கீறல் பட்டதும் வேப்பங்கிளையை வெட்ட ஆள் சொல்லிவிட்டார். அவர் பதற்றம் நியாயமானது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்டச் சொன்னோம்; கிளையை ஆடி வரை விட்டுவைக்கக் கேட்டோம். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். பையன் இப்போது அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு கோடை மறைக்கல்விக்கு வருகிறான், தாத்தாவின் கறுப்புக் குடையோடு.