மாணவர் கட்டுரையை எடைபோடுவது எப்படி?
(மாணவர் கட்டுரைப் போட்டி நடுவர்களுக்கு ஆற்றிய உரை)

 

பிள்ளைகள் எழுதும் கட்டுரைக்கு மதிப்பெண் இடுவது எளிய காரியம் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மை அவ்வாறில்லை. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால் டீடெரிக் என்னும் ஆய்வாளரும் அவர்தம் தோழர்களும் ஒரு சோதனை நடத்தினர். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் 300 கட்டுரைகளை, ஆசிரியர், எழுத்தாளர், வழக்கறிஞர், வணிக நிர்வாகி எனப் பல துறையினர் 53 பேரிடம் கொடுத்து, 9 தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். 100க்கு 94 கட்டுரைகள் ஏழோ, எட்டோ, ஒன்பதோ வெவ்வேறு தரங்களைப் பெற்றன. ஐந்துக்கும் குறைவான தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றேனும் இல்லை!

காரணம் என்ன? படித்தவர்கள் அனைவரும் அறிஞர்களே. ஆயினும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் தேடினர். ஒருவர் கருத்தைத் தேடினார். ஒருவர் பிழைகளை எண்ணினார். ஒருவர் அமைப்பையும், ஒருவர் சொல்வளத்தையும், ஒருவர் நடையின் சுவையையும் நோக்கினார். கருத்து, பிழையின்மை, அமைப்பு, சொல், நடை என்னும் இவ்வைந்தும் அந்த ஆய்வு நமக்குத் தந்த அளவுகோல்கள்.

'நமதூர்க் குளம்' என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவன் மனப்பாடம் செய்த பொன்மொழிகளை அழகிய கையெழுத்தில் அடுக்குகிறான். அதில் எந்த ஊர்க் குளமும் இல்லை. ஒரு மாணவியோ றகர, ரகரங்களை மாற்றி எழுதிவிடுகிறாள். ஆனால் கோடையில் எத்தனையாவது படி வரை நீர் இறங்கிற்று, வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டது என்பதைக் கண்டு எழுதுகிறாள். பிழையை மட்டும் எண்ணும் நடுவர் முன்னவனுக்குப் பரிசளிப்பார். சிந்தித்த பிள்ளை வெறுங்கையுடன் வீடு திரும்பும். இனி எழுதவே வேண்டாம் என்று அது முடிவு செய்துவிட்டால், அந்த இழப்பு யாருடையது?

ஆகவே சில நடைமுறைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். எந்தக் கூறுக்கு எத்தனை மதிப்பெண் என்பதைக் கட்டுரைகளைத் திறக்கும் முன்னரே வகுத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு கட்டுரைகளை அனைவரும் சேர்ந்து படித்து, ஏன் இந்த மதிப்பெண் என விவாதியுங்கள். மாணவர் பெயரை மறைத்து எண் இடுங்கள். இன்னார் வீட்டுப் பிள்ளை என்பது நடுவருக்குத் தெரியலாகாது. ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் தனித்தனியே திருத்தட்டும்; பெரிய வேறுபாடு வந்தால் மூன்றாமவர் பார்க்கட்டும். இறுதிச் சுற்றில் இரண்டிரண்டாக ஒப்பிட்டு 'இவற்றுள் எது சிறந்தது?' என்று கேளுங்கள். ஒன்றைத் தனியே அளப்பதினும் இரண்டை ஒப்பிடுவது மனிதனுக்கு எளிது. இத்தகைய ஒப்பீட்டைக் கொண்டே அளவிட முடியும் என்பதற்கான கணித அடிப்படையைத் தர்ஸ்டன் என்னும் உளவியலறிஞர் 1927இலேயே வகுத்தார்.

இன்று கைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி நொடிப்பொழுதில் பிழை குறைந்த கட்டுரையைத் தந்துவிடுகிறது. ஆதலால் போட்டியை நம் கண்ணெதிரே நடத்துவதும், பிள்ளையின் சொந்த அனுபவத்தைக் கேட்கும் தலைப்பைத் தருவதும் அவசியமாகின்றன.

இறுதியாக ஒன்று. பரிசு பெறுவோர் மூவரே, எழுதியவர்களோ பலர். ஒவ்வொரு தாளின் அடியிலும் பாராட்டத்தக்க ஒன்றையும், அடுத்த முறை திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்றையும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். மதிப்பெண் மறந்துபோகும், அவ்விரு வரிகள் பிள்ளையின் நெஞ்சில் தங்கும்.