சைக்கிளும் சாலையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முத்தமிழும் முழங்கும் இம்மேடையில் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் முன்வரிசையில் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கிறோம். கம்பனையும் வள்ளுவரையும் பற்றிப் பேசக் கற்றோர் பலர் உளர். மெட்ரிகுலேஷனோடு நின்று, ரயில்வே ஆபீசில் பேரேடு புரட்டிக் காலங் கழிக்கும் நமக்கு ஓரளவு தெரிந்தது இரும்பும் சக்கரமும்தான். ஆகவே தெரிந்ததைப் பேச அனுமதி வேண்டுகிறோம்.

புனேயைச் சைக்கிள் நகரம் என்று நாடெங்கும் சொல்லி வந்த காலம் ஒன்றிருந்தது. ரயில்வேக்கும், ராணுவ அலுவலகங்களுக்கும், 1869-இல் கட்கியில் ஏற்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் வேலை தேடி வந்த நம் முன்னோர் ஊன்றி நின்றது இவ்வாகனத்தின் மீதுதான் என்றால் மிகையாகாது. சங்கு ஊதியதும் ஆலை வாசலிலிருந்து வெள்ளம்போல் புறப்படும் சைக்கிள்களை நம்மில் மூத்தவர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். அந்த வெள்ளம் எப்படி வற்றிற்று என்பதை அறிய வேண்டுமாயின், முதலில் இத்தாலி தேசம் வரை சென்று வரவேண்டும். டிக்கெட் வேண்டியதில்லை.

1885-ஆம் ஆண்டு மிலான் நகரில் எட்வார்டோ பியாங்கி என்னும் இளைஞர் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். சைக்கிள் அன்று செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருள். பியாங்கி 1895-இல் இத்தாலிய அரசி மார்கரிட்டாவுக்கென்றே ஒரு சைக்கிள் செய்து, மோன்சா அரண்மனைக்குச் சென்று அரசிக்கு ஓட்டவும் கற்றுக் கொடுத்தார். அரசியே ஏறிய பிறகு பிரபுக்களின் மனைவியர் சும்மா இருப்பார்களா? வியாபாரம் பெருகிற்று.

ஆனால் வண்டி விற்றால் மட்டும் போதுமா? ஓட்டுவதற்குச் சாலை வேண்டும். வழி தெரிய வேண்டும். 1894-இல் அதே மிலானில் 57 சைக்கிள்காரர்கள் கூடிச் சைக்கிள் பயணச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். அவர்களுள் பெர்த்தரெல்லி என்பவர் முக்கியமானவர். இச்சங்கம் சாலைகளில் வழிகாட்டிப் பலகைகள் நட்டது. நாடு முழுவதற்கும் வரைபடம் வெளியிட்டது. ஊர் ஊராக விவரம் தரும் வழிகாட்டி நூல்களை அச்சிட்டது. 1900-இல் தன் பெயரிலிருந்து சைக்கிள் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பொதுப் பயணச் சங்கமாக மாறியது. இன்று காரில் இத்தாலியைச் சுற்றுகிறவர் அனுபவிக்கும் வசதிகள் சிலவற்றுக்கு வித்திட்டவர்கள் சைக்கிள்காரர்களே என்பதை மறத்தலாகாது. ஒரு சங்கம் இவ்வளவு செய்யக்கூடும் என்பதைச் சங்கத்தார் நிறைந்த இச்சபையில் சற்று அழுத்தியே சொல்லி வைக்கிறோம்.

பத்திரிகையின் கதை இன்னும் சுவையானது. சைக்கிள் செய்தி ஏடுகள் இரண்டு சேர்ந்து 1896-இல் கஸெத்தா தெல்லோ ஸ்போர்ட் என்னும் ஏடாயின. 1908-இல், பியாங்கி நிறுவனத்தாரும் கொரியெரே தெல்லா ஸேரா என்னும் பெரிய பத்திரிகையாரும் நாடு சுற்றும் சைக்கிள் பந்தயம் ஒன்றை நடத்தத் திட்டமிடுவதாக இரகசியம் கசிந்தது. கசியவிட்டவர் போட்டிக் கம்பெனியான அத்தாலாவின் கத்தி என்பவர். கையில் பணமில்லாத கஸெத்தா, ஆகஸ்டு மாதத்தில் தாமே பந்தயம் நடத்தப் போவதாக முந்திக்கொண்டு அறிவித்துவிட்டது! பணத்தை அப்புறம் அங்குமிங்கும் திரட்டினார்கள். வெல்பவனுக்கு 3000 லீரா கொடுத்தது யார் தெரியுமா? ஏமாந்துபோன அந்தப் பெரிய பத்திரிகையேதான்.

1909 மே 13 அன்று விடியுமுன்னரே மிலானிலிருந்து 127 பேர் புறப்பட்டனர். எட்டுக் கட்டங்கள், ஏறத்தாழ 2450 கிலோமீட்டர், நேப்பிள்ஸ், ரோம், டூரின் வழியாக மீண்டும் மிலான். முடித்தவர் 49 பேரே. வென்றவர் லூயிஜி கன்னா. கொத்தனார் வேலை பார்த்தவர். வேலைக்கு நாள்தோறும் நெடுந்தூரம் சைக்கிளில் போய்வந்தே காலுக்கு வலுவேற்றியவர். பின்னாளில் அவரே ஒரு சைக்கிள் தொழிற்சாலை முதலாளியானார். பந்தயம் நடந்தது பத்திரிகை விற்க. கம்பெனிகள் ஆளனுப்பியது சைக்கிள் விற்க. இதில் தேசபக்தியைத் தேடுவோர் ஏமாறுவர். ஆயினும் 1861-க்குப் பிறகே ஒரு நாடாக இணைந்த தேசத்தில், வடக்கத்தியானின் பெயரைத் தெற்கத்தியான் தெருவில் நின்று கூவும்படி செய்தது அந்த வியாபாரம்.

1924-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் அல்ஃபோன்ஸினா ஸ்த்ராதா என்னும் பெண்மணியும் புறப்பட்டார். ஏழைக் குடியானவர் மகள். வழியில் அவருடைய ஹேண்டில்பார் ஒடிந்துபோக, துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார்! காலக்கெடு தவறியதால் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் தொடர்ந்து மிதித்து மிலான் வந்து சேர்ந்தார். புறப்பட்ட ஆடவர்களில் மூன்றில் இரு பங்கினர் அவ்வாண்டு வந்து சேரவேயில்லை.

இனி நம் நாடு. 1923-இல் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பி, ஹக்கீம், பாபாசோலா, பூம்காரா ஆகிய மூவர் 1928-இல் திரும்பி வந்தனர். ஊக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் அக்காலத்தில் நாம் ஓட்டியவை பெரும்பாலும் சீமைச் சரக்கே. 1949-இல் முருகப்பா குழுமத்தார் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுடன் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951 முதல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸைச் செய்து தரலாயிற்று. பம்பாய்–புனே சைக்கிள் பந்தயமும் புகழ் பெற்றது. கண்டாலா மலையேற்றத்தில் முந்துபவனுக்குத் தனிப் பரிசு. எஞ்சினையே பின்னாலிருந்து இன்னொரு எஞ்சின் தள்ளிவிடும் அந்த ஏற்றத்தைக் காலால் மிதித்து ஏறுகிறவனின் பெருமை, ரயில்வேக்காரராகிய நமக்கு நன்றாகவே விளங்கும்.

ஆனால் ஒரு குறை. இத்தாலியில் வண்டி செய்தவரும் ஓட்டியவரும் சாலையைத் தம் கவலையாகக் கொண்டனர். இங்கே விற்றவர் விற்றார்; வாங்கியவர் மிதித்தார்; சாலையை எவரும் நினைக்கவில்லை. ஆகவே மோட்டார் வந்ததும் சைக்கிள் ஓரங்கட்டப்பட்டது. விந்தை என்னவென்றால், அந்த மோட்டாரும் இத்தாலியிலிருந்தே வந்தது! பியாஜியோ கம்பெனியாரின் வெஸ்பா ஸ்கூட்டரை உரிமம் பெற்றுச் செய்தவர்கள் பஜாஜ். உரிமம் 1971-இல் முடிந்தபின் 1972-இல் சேத்தக் வந்தது. நம்மூருக்கு அருகே ஆகுர்டியிலிருந்து அது நாடெங்கும் சென்றது. அதே ஆண்டு வந்த லூனாவும் சியாவோ என்னும் இத்தாலிய மொபெட்டின் வழித்தோன்றல்தான். வேலைக்காரன் பெருமூச்சு விட்டு மிதிப்பதை நிறுத்தினான். அதை நாம் குறை சொல்லமாட்டோம். கடன் வாங்கி முதல் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்த மகிழ்ச்சி நம் வீடுகளிலும் இருந்ததே!

நம் கவலை வேறு. சைக்கிள் நகரமாயிருந்த காலத்திலும், மராட்டியப் பெண்கள் கல்லூரிக்குத் தாமே மிதித்துச் சென்ற இவ்வூரில், நம் தாய்மார்களின் இடம் பெரும்பாலும் பின்னால் கேரியரில்தான் இருந்தது. பையன் வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றான். அவன் அக்காள் வாசலில் நின்று பார்த்தாள். இன்று ஸ்கூட்டர் ஆபீசுக்குப் போய்விட்டால், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவும், மருந்து வாங்கவும், அவர்கள் ஆட்டோவுக்கோ அண்டை வீட்டுப் பையனுக்கோ காத்திருக்கிறார்கள்.

தாய்நாட்டில் இது மாறிவிட்டது. 1991-க்குப் பின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். கல் உடைப்போரும் வயல் வேலை செய்வோரும் உட்பட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றனர் என்பர். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் போகவே ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அங்கே கன்னா போன்ற வீரர் எவருமில்லை, பரிசுத் தொகையுமில்லை. ஆனாலும் தண்ணீர்க் குடமும் பிள்ளையும் ஏற்றிக்கொண்டு தானே சந்தைக்குப் போன அந்தத் தாயின் பயணத்தை நாம் இத்தாலியப் பந்தயத்துக்கு ஒருபடி மேலாகவே வைப்போம்.

"லாரிகள் ஓடும் சாலையில் பெண்டுபிள்ளைகளை எப்படி விடுவது?" என்று சபையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான அச்சம். மாநகராட்சி 2017-இல் சைக்கிள் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. போட்ட பாதைகளில் பல இடங்களில் மோட்டார் வண்டிகள் நின்று இளைப்பாறுகின்றன. ரயில்வே கேட்டருகே நெரிசலையும் நாம் தினமும் அறிவோம். ஆகவே பெரிய சாலைக்கு இப்போதே போகவேண்டாம். காலனிக்குள் மைதானம் இருக்கிறது. பள்ளிக்கும் கடைக்கும் செல்லும் உட்தெருக்கள் இருக்கின்றன.

சங்கத்தின் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை மைதானத்தில் தாய்மார்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் சைக்கிள் கற்றுத் தரவேண்டும். மேற்படி உட்தெருக்களில் பள்ளி நேரத்தில் கனரக வண்டிகளைத் தடுக்கும்படி மாநகராட்சிக்கு மனுவும் எழுதவேண்டும். மனுவை எழுதும் பொறுப்பு நம்முடையது. குமாஸ்தாவுக்கு வேறென்ன வேலை? உறுப்பினர் இருவர் வீட்டில் சும்மா நிற்கும் சைக்கிள்களைத் தருவதாக ஒப்பியிருக்கிறார்கள். டியூபும் பிரேக் கட்டையும் மாற்றிவிட்டால் ஓடும். பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார்கள், சாப்பாட்டுப் பந்தி தொடங்குமுன் மேடையின் இடப்புறம் வைத்துள்ள நோட்டில் எழுதிச் செல்லலாம். முதல் பெயரை நம் வீட்டம்மாள் ஏற்கெனவே எழுதிவிட்டார்.