பூட்டு ஊருக்கு ஒரு சின்ன லேத்



லண்டன் நகரில் ஜோசப் பிராமா என்றொரு பூட்டுக்காரர் இருந்தார். 1784ஆம் ஆண்டு அவர் புதுவகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கள்ளச்சாவிக்கு மசியாத பூட்டு அது. ஆனால் உள்ளே இருக்கும் உறுப்புகள் மிக நுட்பமானவை. ஒவ்வொன்றையும் அரத்தால் அராவிச் செய்தால் விலை கட்டுபடியாகவில்லை. 1789இல் ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர் அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. பூட்டு உறுப்புகளைப் பிசகில்லாமல் செய்யும் இயந்திரங்களை அவர் அமைத்துக் கொடுத்தார். கூலி உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை. 1797இல் வெளியே வந்து சொந்தப் பட்டறை வைத்தார். 1800 வாக்கில் அங்கே மரை வெட்டும் லேத் ஒன்றை உருவாக்கினார். இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் ஓடுகிற லேத்துகள் எல்லாம் அதன் வம்சத்தில் வந்தவைதான்.

பூட்டுப் பட்டறையில் பழகிய கைதான் லேத்துக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. திண்டுக்கல்காரர்களாகிய நாம் உரிமையோடு கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது. நம் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டின் லீவர்களைச் சாவியோடு ஒட்டி ஒட்டிப் பார்த்து, இசைய அராவி முடிக்கும் தொழிலாளர்கள் நல்லாம்பட்டி போன்ற சுற்றுவட்டார ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய கைநேர்த்தியில் குறைவில்லை. கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள்தான் குறைந்துவிட்டார்கள். உலோகத்தைக் கையாளும் ஆசையை வீட்டுக்குள் வளர்க்க ஒரு சின்ன லேத் நல்ல துணை. அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். லேத் வாங்கினால் முழுப் பூட்டையும் செய்துவிட முடியாது. லீவரும் மேல்தகடும் அரத்துக்கும் பிரஸ்ஸுக்கும் உரிய வேலை. உருண்டையாக எது வேண்டுமோ அதுதான் லேத்தின் வேலை: சாவியின் குழல், அது உட்காரும் முளை, பித்தளைப் புஷ். பூட்டை விட்டு வெளியே வந்தால் வேலை இன்னும் பெருகும். இரு சக்கர வண்டிக்குப் புஷ், தையல் இயந்திரத்துக்கு ஒரு கப்பி, தண்ணீர் மோட்டாருக்கு ஒரு ஸ்லீவ், பள்ளிப் பிள்ளையின் அறிவியல் கண்காட்சிக்குச் சின்ன நீராவி எஞ்சின் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். லேத் வாங்க நினைக்கிறவர்கள், தாங்கள் செய்யப்போகிற பத்து ஜாப்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விட்டமும் நீளமும் எழுதுங்கள். எந்த அளவு லேத் வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

மாட்ஸ்லே தம் லேத்தில் நான்கு அம்சங்களை ஒன்றுசேர்த்தார். ஆடாத இரும்புப் பெட், டூலைப் பிடித்து நகர்த்தும் ஸ்லைடு, பிசகில்லாத லீட் ஸ்க்ரூ, மாற்றிப் போடக்கூடிய கியர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், லேத்தை எடைபோட இந்த நான்கையே பார்க்க வேண்டியிருக்கிறது.

பெட்டிலிருந்து தொடங்குவோம். விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது ஸ்விங் அளவு. 180 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது பெட்டுக்கு மேலே சுழலக்கூடிய விட்டம். டூலைத் தாங்கும் கிராஸ் ஸ்லைடுக்கு மேலே வரும்போது அதே லேத்தில் ஏறக்குறைய 110 மில்லிமீட்டர்தான் சுழலும். நீளமான ஜாப்புக்கு இந்த இரண்டாவது அளவுதான் உண்மையான அளவு. அதேபோல, இரண்டு சென்டர்களுக்கு நடுவே 300 மில்லிமீட்டர் என்று சொன்னால் முழு நீளமும் உங்களுக்குக் கிடைக்காது. ஒரு பக்கம் சக், மறுபக்கம் டிரில் சக்கும் டிரில்லும் மாட்டிய பிறகு ஜாப்புக்கு மிஞ்சுவது அதில் பாதியும் இருக்காது. ஆகவே 350 அல்லது 400 மில்லிமீட்டர் உள்ளதைத் தேடுங்கள்.

ஸ்விங்கைவிட முக்கியமானது எடை. ஆட்டுக்கல் கனமாக இருப்பதால்தான் குழவி சுற்றும்போது நகராமல் நிற்கிறது. லேத்துக்கும் அதே நியாயம்தான். டூல் இரும்பைத் தொட்டதும் எதிர்விசை பிறக்கிறது. பெட் மெலிந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து திரும்பும். கிரீச்சென்று சத்தம் வரும், வெட்டிய பரப்பில் அலை அலையாகக் கோடு விழும். 1946இல் இங்கிலாந்தில் மைஃபோர்டு நிறுவனம் எம்.எல். 7 என்ற லேத்தை வெளியிட்டது. அந்நாட்டு வீட்டுப் பட்டறைக்காரர்கள் பல தலைமுறைகளாக அதில்தான் மாதிரி நீராவி எஞ்சின்கள் செய்தார்கள். அதன் ஸ்விங்கும் ஏழு அங்குலம். இன்று சந்தையில் அதிகம் கிடைக்கும் சீன மினி லேத்தின் ஸ்விங்கும் ஏழு அங்குலம். அளவு ஒன்றே, வார்ப்பின் கனம் வேறு. கடைசலின் தரமும் அதனால் வேறுபடுகிறது. 180 மில்லிமீட்டர் மினி லேத் ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். 210 மில்லிமீட்டர் ஸ்விங் உள்ள வகையில் 60 கிலோவுக்கு மேல் இருப்பதைப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்க முடிகிற எடை அது.

அடுத்தது ஸ்லைடு. கிராஸ் ஸ்லைடையும் காம்பவுண்டையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பக்கவாட்டில் உள்ள கிப் பட்டியை இறுக்கிப் போக்கலாம். இறுக்கிய பிறகு கைப்பிடி ஓரிடத்தில் லேசாகவும் ஓரிடத்தில் இறுக்கமாகவும் சுற்றினால், ஸ்லைடு ஒழுங்காகச் செதுக்கப்படவில்லை என்று பொருள். அந்த லேத் வேண்டாம்.

மூன்றாவதும் நான்காவதும் லீட் ஸ்க்ரூவும் கியரும். நம் பகுதியில் இரண்டு மரை அளவுகள் கலந்து புழங்குகின்றன. வண்டி, மோட்டார் போல்ட்டுகள் மெட்ரிக். தோட்டத்துக் குழாய்களில் இன்னும் பழைய பிரிட்டிஷ் குழாய் மரைதான்: அரை அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு 14 மரை, ஒரு அங்குலக் குழாய்க்கு 11 மரை. ஆகவே கியர் அட்டவணையைப் பார்க்கும்போது மெட்ரிக் வரிசையோடு 14, 11 என்ற எண்களும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பழைய பெரிய லேத்துகளில் 127 பல் உள்ள கியர் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதை ஐந்தால் பெருக்கினால் 127. அங்குல லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரையைத் துல்லியமாக வெட்ட அந்தக் கியர்தான் வழி. மினி லேத்துகளில் பலவற்றுக்குப் பிளாஸ்டிக் கியர்களே வருகின்றன. சத்தம் குறைவுதான், ஆனால் டூல் சிக்கிக்கொண்டால் பல் முறியும். மெட்டல் கியர் போட்ட வகைக்குச் சற்றுக் கூடக் கொடுத்தாலும் தகும்.

மாட்ஸ்லே காலத்தில் இல்லாத ஒன்று மின்மோட்டார். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். நமக்கு வேண்டியது பெரும்பாலும் குறைந்த வேகம். அதிவேக எஃகு (ஹெச்.எஸ்.எஸ்.) டூலால் மென் எஃகு (எம்.எஸ்.) ராடு கடையும்போது வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் அளவில் இருந்தால் போதும். 20 மில்லிமீட்டர் ராடுக்கு அது 400 சுற்று. 80 மில்லிமீட்டர் ஜாப்புக்கு 100 சுற்றுதான். அந்த 100 சுற்றில் மோட்டார் திணறாமல் இழுக்கிறதா என்பதே கேள்வி. கார்பன் பிரஷ் உள்ள பழைய வகை டி.சி. மோட்டார்கள் குறைந்த வேகத்தில் வலுவிழக்கும். பிரஷ் இல்லாத மோட்டார்கள் அங்கேயும் நன்றாக இழுக்கும். கோடையில் மின்னழுத்தம் இறங்கும் ஊர்களில் இருப்பவர்கள் எலக்ட்ரானிக் போர்டைக் காக்க ஒரு ஸ்டெபிலைசரும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பலரும் கேட்கிற கேள்விக்கு வருவோம். புது மினி லேத்தா, நாலரை அடிப் பெட் உள்ள பழைய லேத்தா?

கோயம்புத்தூரில் பழைய இயந்திரங்கள் விற்கும் கடைகளில் நாலரை அடி லேத்துகள் கிடைக்கின்றன. கனமான வார்ப்பு, பெரிய சக், போர்டோ சிப்போ இல்லாத எளிய பெல்ட் ஓட்டம். நன்றாக இருக்கிற ஒன்று அமைந்தால் மினி லேத் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. தரைத்தளத்தில் கான்கிரீட் தரை வேண்டும். இறக்கி வைக்க ஆளும் சங்கிலிக் கப்பியும் வேண்டும். பெரும்பாலானவற்றில் மூன்று பேஸ் மோட்டார் இருக்கும். வீட்டு இணைப்பு சிங்கிள் பேஸ் என்றால் மோட்டாரை மாற்ற வேண்டும், அல்லது சிங்கிள் பேஸில் வாங்கி மூன்று பேஸாகக் கொடுக்கும் டிரைவ் ஒன்றைப் பொருத்த வேண்டும். தோட்டத்தில் விவசாய இணைப்பு இருக்கிறதே என்று அதில் ஓட்டக் கூடாது. அது பாசனத்துக்கு மட்டும் உரியது.

பழைய லேத்தில் எப்போதும் தேய்ந்திருப்பது சக் பக்கத்துப் பெட். வேலை அங்கேதான் அதிகம் நடந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கேரேஜைச் சக்கருகே கொண்டுவந்து, ஆட்டம் இல்லாதபடி இறுக்குங்கள். பிறகு டெயில்ஸ்டாக் பக்கம் உருட்டுங்கள். கடைசிவரை ஒரே மாதிரி உருண்டால் பெட் நன்றாக இருக்கிறது. பாதி வழியில் சிக்கிக்கொண்டு நின்றால் தேய்மானம் மிகுதி. புதுப் பெயின்ட் அடித்த பளபளப்பை நம்பிவிடாதீர்கள்.

புதியதோ பழையதோ, பணம் கொடுக்கும் முன் மூன்று சோதனைகளைக் கட்டாயம் செய்யுங்கள். டயல் இண்டிகேட்டரை ஸ்பிண்டிலின் உள் டேப்பரில் வைத்துக் கையால் சுற்றுங்கள். முள் 0.01 மில்லிமீட்டருக்குள் நின்றால் நல்ல ஸ்பிண்டில். அடுத்து, 25 மில்லிமீட்டர் ராடைச் சக்கிலிருந்து 100 மில்லிமீட்டர் வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக் கொடுக்காமல், மெல்லிசாக ஒரு வெட்டு ஓட்டுங்கள். இரண்டு முனைகளையும் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.02 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். கூடினால் உடனே தள்ளிவிட வேண்டாம். பெட்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, லேத்தின் கால்களுக்கு அடியில் சிம் தகடு கொடுத்துச் சமன்செய்தபின் மறுபடி வெட்டிப் பாருங்கள். அப்போதும் டேப்பர் அடித்தால் அது பெரும்பாலும் ஹெட்ஸ்டாக்கின் கோணல். மூன்றாவது சோதனைதான் கடினமானது: பார்ட்டிங் டூல் போட்டு 20 மில்லிமீட்டர் எம்.எஸ். ராடைத் துண்டாக்கச் சொல்லுங்கள். அதிராமல், சிக்காமல் அறுத்துக் கொடுக்கிற லேத்தில் மற்ற வேலைகள் தாமாகவே நடக்கும்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் லேத்திலேயே போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். நாலு ஜா சக், டிரில் சக், சுழலும் சென்டர், டயல் இண்டிகேட்டர், வெர்னியர், டூல் தீட்ட ஒரு பெஞ்ச் கிரைண்டர் ஆகியவை இல்லாமல் லேத் முழுமையாகாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் ஹெச்.எஸ்.எஸ். டூலே நல்லது. சிறிய லேத்தின் வலுவுக்கு அதன் கூர்மையே ஒத்துப்போகும். தீட்டத் தீட்ட வெட்டுக்கோணங்கள் கைக்குப் பிடிபடும். முதலில் பித்தளையில் பழகுங்கள். பிறகு இரும்புக்கு வாருங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. லேத் ஓட்டும்போது வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, கையுறை எதுவும் ஆகாது. பெண்கள் முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ள வேண்டும், தலைமுடியை முடிந்துகொள்ள வேண்டும், வளையலைக் கழற்றி வைக்க வேண்டும். சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கிக் கம்பி வைத்துக்கொள்ளுங்கள். சக் சாவியிலிருந்து கையை எடுக்கும்போது சாவியும் சக்கிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

என் முடிவு இது. மாடி வீடு, சிறிய அறை, சிங்கிள் பேஸ் இணைப்பு என்றால் 210 மில்லிமீட்டர் ஸ்விங், பிரஷ் இல்லாத மோட்டார், மெட்டல் கியர் உள்ள புது லேத்தை வாங்குங்கள். 180 மில்லிமீட்டர் வகை, புஷ்ஷும் முளையும் போன்ற சின்ன ஜாப்களுக்குப் போதும். அதற்கு மேல் அதனிடம் கேட்காதீர்கள். கொட்டகையும் கான்கிரீட் தரையும் அனுபவமுள்ள டர்னர் ஒருவரின் துணையும் இருந்தால், தேயாத பெட் உள்ள பழைய நாலரை அடி லேத்துக்கு நிகர் வேறில்லை.

எதை வாங்கினாலும், நம் ஊர்ப் பஞ்சாலைகளிலும் பட்டறைகளிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டர்னர்களிடம் போய்ச் சில வாரம் நின்று கற்றுக்கொண்டு வாங்குங்கள். அவர்கள் கையில் இருக்கும் அனுபவம் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. நீங்கள் கற்றதை உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்காவது சொல்லிக்கொடுங்கள், அது பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. பூட்டுக்குப் பெயர் வாங்கிய ஊரில் உலோகம் தெரிந்த கைகள் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லாருடைய பொறுப்பு.