எடைக்கு ஒரு காரணம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே இயற்பியல் படித்துவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குப் போனவன் நான். அங்கே நான் செய்த ஒரு தப்பைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எங்கள் கூடத்தில் ஜே.பி.எல். 4430 மானிட்டர் ஸ்பீக்கர்கள் இரண்டு இருந்தன. அமெரிக்காவில் 1981-ல் வந்த மாடல். ஒவ்வொன்றிலும் 2235எச் என்ற 15 அங்குல வூஃபர். 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் அதன் பொறுப்பு. தனியாகத் தூக்கினால் கை வலிக்கும்.

ஒரு நாள் வலது பக்க வூஃபரின் காயில் கருகிவிட்டது. "நானே வேற கோன் போட்டுடறேன் சார்" என்று வீராப்பாகச் சொன்னேன். பிரித்தால், கோனும் காயிலும் சேருமிடத்தில் ஓர் அலுமினிய வளையம். கோன் லேசாக இருந்தால்தானே சுலபமாக அசையும், இந்தப் பாரம் எதுக்கு என்று அதை எடுத்துப் போட்டுவிட்டு ஒட்டினேன்.

வலது பக்கம் முன்னைவிடச் சத்தமாகப் பாடியது! எனக்கு ஒரே பெருமை. அதை நம்பி ஓர் ஒலிநாடாவுக்கு மிக்ஸிங்கும் செய்தேன். கீழ் ஒலி போதவில்லை என்று கொஞ்சம் ஏற்றியும் விட்டேன். நண்பர் வீட்டில் போட்டுப் பார்த்தால், மிருதங்கத்தின் தொப்பி 'கும் கும்' என்று பாட்டையே விழுங்கியது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இடது பக்கம்தான் கிழடு தட்டிப்போச்சு என்று திருப்புளியை எடுத்தேன். மூத்த எஞ்சினியர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, காலேஜ்ல ஸ்பிரிங்குல எடை தொங்கவிட்டதில்லையா?"

சுருக்கென்றது. எடை கூடினால் அதிர்வு மெதுவாகும். முதலாண்டுப் பரிசோதனை! கோனும் அப்படித்தான். இயல்பு அதிர்வு 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதற்கு அந்த வளையத்தின் பாரமும் வேண்டும். அதை எடுத்ததும் நடு ஒலி ஏறிக்கொண்டது, அடி நாதம் பின்தங்கிவிட்டது. வளையமில்லாத 2234எச் என்ற வூஃபரையும் அதே கம்பெனி செய்தது. ஆனால் அது இரட்டை வூஃபர் உள்ள 4435-க்காக.

மேஜைக்கடியில் தேடி வளையத்தை எடுத்தேன். இன்னொரு கோன் செலவு, இரண்டு ராத்திரித் தூக்கம் போச்சு. நாடா மட்டும் கடைக்குப் போகுமுன் தப்பித்தது.

மாணவச் செல்வங்களே, பெரியவர்கள் செய்த பொருளைத் தாராளமாகப் பிரித்துப் பாருங்கள். ஆனால் வேண்டாத பாகம் என்று ஒன்று தோன்றினால், தூக்கிப் போடுமுன் இது எதுக்கு என்று ஒருவரிடம் கேளுங்கள். எனக்கான பதில் இந்தக் கல்லூரி ஆய்வகத்திலேயே இருந்தது. நான்தான் மறந்துவிட்டேன்.