வருகைப் பதிவேடும் வாக்குமூலமும்

(கிருஷ்ணகிரி மாவட்டம் மத்திகிரியில் ஆசிரியர்களிடையே நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளி ஆசிரியை ஒருவர் நினைவாக, அவரிடம் படித்த பெண்கள் சேர்ந்து நிறுவிய அறக்கட்டளை இது. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "பெண்ணியம், போராட்டம் என்று அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களைத் தூண்டிவிடப் போகிறீர்களா? நாளைக்கு 17பி வந்தால் நீங்களா பதில் எழுதுவீர்கள்?" என்றார். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17ஏ என்றால் சிறு தண்டனை, 17பி என்றால் பெருந்தண்டனை என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேலியாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி. இன்றைய பேச்சை அதிலிருந்தே தொடங்கலாம். ஏனென்றால் நூறு ஆண்டுக்கு முன்பே சென்னையில் ஒரு பெண் இதே நெருக்கடியில் இருந்திருக்கிறார்.

சகோதரி சுப்பலட்சுமி 1886-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். 11 வயதில் கல்யாணம். சிறிது காலத்திலேயே கைம்மை. மூலையில் உட்கார வைக்காமல் அப்பா படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவர்தான். மறு ஆண்டே நான்கு கைம்பெண் சிறுமிகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஒரு விடுதியைத் தொடங்கினார். அது வளர்ந்து, கடற்கரையில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்து வைத்த ஐஸ் ஹவுசுக்குக் குடிபோனது. 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. விடுதியில் வளர்ந்த பெண்கள் ஆசிரியைகளாகிச் சொந்தச் சம்பளத்தில் வாழ வழி பிறந்தது.

சிக்கலும் அந்தப் பொறுப்போடுதான் வந்தது. 1917-இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் வாக்குரிமை கேட்டது, குழந்தை மணத்தை எதிர்த்தது. அன்னி பெசன்ட் அதன் தலைவர். சுப்பலட்சுமிக்கு அவர்களோடு நெருக்கம் உண்டு. ஆனால் அரசு ஊழியர் என்பதால் உறுப்பினராகச் சேர முடியவில்லை. அவர் வேலையை உதறவில்லை, வாயையும் மூடிக்கொள்ளவில்லை. அகில இந்தியப் பெண்கள் மாநாட்டில் பேசினார். குழந்தை மணம் பற்றி விசாரிக்க 1928-இல் அரசு அமைத்த ஜோஷி குழுவின் முன் போய்ச் சாட்சியம் சொன்னார். 1929-இல் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணின் மண வயது 14 ஆனது.

இந்தச் சாட்சியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உறுப்பினர் அட்டை இல்லாதவர் அந்தக் குழுவிடம் என்ன சொல்லியிருக்க முடியும்? தன் விடுதியில் யார் யார் இருக்கிறார்கள், எந்த வயதில் வந்தார்கள் என்பதைச் சொல்லலாம். ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு அது. கொடி பிடிப்பதை நடத்தை விதி தடுக்கலாம்; அரசே அமைத்த குழுவிடம் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்வதை அது தடுக்கவில்லை. வேலையைத் துறந்து சங்கத்தில் சேர்ந்திருந்தால் சங்கத்துக்கு ஓர் உறுப்பினர் கூடியிருப்பார். ஒரு தலைமுறை ஆசிரியைகளை நாம் இழந்திருப்போம்.

அவரைப் பூசையறைப் படமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கானது. குடும்பங்கள் நம்பிப் பெண்களை அனுப்ப வேண்டுமென்றால் ஆசாரத்தை விட முடியாது என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்குக்கு வெளியே நின்ற பெண்கள்தான் நாட்டில் அதிகம். அவர்கள் பக்கத்துக் கதையை எழுத இன்னோர் ஆசிரியை வர வேண்டியிருந்தது. தலித் எழுத்தாளர் பாமா கன்னியர் மடத்தில் சேர்ந்து கற்பித்தவர். அங்கும் சாதி இருப்பதைக் கண்டு வெளியேறி, 1992-இல் 'கருக்கு' எழுதினார். அந்தப் புத்தகத்துக்காகச் சொந்த ஊரே சில மாதங்கள் அவரை உள்ளே விடவில்லை. பிறகு உத்திரமேரூர்ப் பக்கத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே எழுதினார். பெண்ணியம் பேசும் ஆசிரியை வகுப்பில் சாதியைப் பார்க்க மறந்தால் பாதிப் பிள்ளைகளை மறந்துவிடுகிறார் என்பது என் கருத்து.

இனி நம் ஊருக்கு வருவோம். 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைப்பக்கத்துக் காட்சி ஒன்று எல்லோர் செல்பேசிக்கும் வந்தது. 14 வயதுப் பெண். புகுந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று ஓடி வந்தவளைக் கணவன் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான், அவள் கதறுகிறாள். கல்யாணம் பெங்களூருவில் நடந்ததாகச் செய்தி சொன்னது. பிறகு கைது, வழக்கு, எல்லாம் ஆனது. எல்லோரும் அந்தத் தோளைப் பார்த்தார்கள். அதே செய்தியில் இருந்த இன்னொரு வரி என்னை உறுத்தியது: அவள் ஏழாம் வகுப்போடு நின்றவள். கல்யாணச் செய்தி ஊருக்குத் தெரிவதற்கு முன்பே ஏதோ ஒரு வருகைப் பதிவேட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கு முந்தின மாதம், இதே மாவட்டத்தில், அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்கள் மூவர் 13 வயது மாணவியிடம் பாலியல் கொடுமை செய்ததாகப் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் கைதானார்கள். சொல்லவே கூசுகிறது; சொல்லாமல் தாண்டினால் இந்த மேடை எதற்கு? அதுவும் எப்படி வெளியே வந்தது? பிள்ளை நாள் கணக்கில் பள்ளிக்கு வரவில்லையே என்று பள்ளியிலிருந்து விசாரிக்கப் போனபோது வந்தது. கொடுமை நடந்ததும் பள்ளியில்தான். அதை வெளியே கொண்டுவந்ததும் ஒரு தலைமையாசிரியர் செய்ய வேண்டிய சாதாரண வேலைதான்.

நம் பக்கத்தில் விசாரிக்கப் போனால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். "தாய்மாமனுக்குத்தானே டீச்சர் கொடுக்கிறோம், வெளியாளுக்கா?" தமிழில் சொல்வார்கள், தெலுங்கில் சொல்வார்கள், கன்னடத்தில் சொல்வார்கள். மொழி மாறினாலும் மாமன் மாறுவதில்லை. "வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு கூலிக்குப் போக முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. அந்தப் பயம் பொய்யில்லை. அதைக் கேலி செய்யும் பெண்ணியத்தால் ஒரு பிள்ளைக்கும் உதவி இல்லை. பக்கத்தில் விடுதி எங்கே இருக்கிறது, பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று பதில் சொல்லத் தெரிந்த ஆசிரியை சொன்னால் கேட்பார்கள்.

இன்னொரு விஷயம் எல்லைப்புறத்துக்கே உரியது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, பொதுவாக அந்தத் திருமணம் தானாகச் செல்லாததாகிவிடுவதில்லை. பெண் நீதிமன்றம் போய் ரத்து கேட்க வேண்டும். அதுவும் 20 வயதுக்குள். கர்நாடகம் 2016-இல் திருத்தம் கொண்டுவந்து, குழந்தைத் திருமணம் தொடக்கம் முதலே செல்லாது என்று ஆக்கிவிட்டது. கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜுவாடியைத் தாண்டினால் செல்லாத தாலி, இந்தப் பக்கம் நீதிமன்றம் ரத்து செய்யும்வரை செல்லுபடியாகிறது. தமிழ்நாடும் அப்படியொரு திருத்தம் செய்ய வேண்டும் என்பதை இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன். அதைக் கேட்க நடத்தை விதி குறுக்கே நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

திட்டங்கள் மாறினால் மனக்கணக்கும் மாறும். முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தோம். 2022 செப்டம்பர் 5 முதல் அதே பெயரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர் பெயரைக் கல்யாணத்திலிருந்து கல்லூரிக்கு மாற்றியது நல்ல காரியம். ஆனால் அந்தப் பணம் மேற்படிப்பில் சேர்ந்த பிறகுதான் கிடைக்கும். ஏழிலும் எட்டிலும் நிற்கிற மலைப் பிள்ளைக்கு அது எட்டாது. அந்த இடைவெளியில் நிற்க ஆசிரியரை விட்டால் வேறு ஆள் இல்லை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சி அரசியலைத் தடுக்கின்றன. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டமோ, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாதவரையே குற்றவாளி ஆக்குகிறது: ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. 18 வயதுக்குக் கீழே மனைவி என்றாலும் உறவு குற்றமே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே "பேசினால் மெமோ வருமோ" என்று பயப்படுகிறவர்கள், பேசாவிட்டால் என்ன வரும் என்பதையும் கொஞ்சம் பயந்துகொள்ள வேண்டும்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல், மே கல்யாண மாதங்கள். அந்த மாதங்களில் ஒரு பெண்பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டால், எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். பிள்ளை அங்கே இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், மாவட்டச் சமூகநல அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலைக் கோப்பில் வையுங்கள். இதற்கு மேலதிகாரி எவருடைய முன் அனுமதியும் தேவையில்லை.