கணினி மாறலாம், பத்திரம் தொலையக் கூடாது

(பாலிக் புலாவில் நடந்த குடும்பங்கள் சந்திப்பில் இயக்கத்தின் வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வழக்கறிஞர் வந்தால் குடியுரிமை பேசுவார், நிலம் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் கணினி பேசப் போகிறேன். வக்கீலுக்கும் விண்டோசுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் கேட்கிறார். சொல்கிறேன்.

எங்களிடம் சிவப்பு ஐசி விவகாரம், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, சம்பள பாக்கி என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "பேப்பர் இருக்கிறதா?" என்றுதான். அண்மைக் காலமாக ஒரே மாதிரி பதில் வருகிறது. "லேப்டாப்பில் இருந்தது சார். கடையில் கொடுத்துப் புது விண்டோஸ் போட்டோம். எல்லாம் போய்விட்டது." ஒரு குடும்பத்தில் தாத்தாவின் குடியுரிமை மனுவுக்காகப் பத்து வருடமாகச் சேர்த்த கடிதங்கள், பழைய தோட்டத்து ஆட்களிடம் எழுதி வாங்கிய வாக்குமூலங்கள், படம் எடுத்து வைத்த பழைய அடையாள அட்டை, அத்தனையும் ஒரு பிற்பகலில் அழிந்து போயின. அந்தக் கடைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. இது மற்ற வீடுகளில் நடக்கக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில், என்ன நடந்தது? விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். பத்து வருடம் கழித்து, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் முடித்தார்கள். ஆதரவு நின்றது என்றால் கணினி நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மறுநாள் காலையிலும் அது திறக்கும், ஓடும், அச்சடிக்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இலவசத் திருத்தங்கள் இனி தானாக வராது. வங்கிக் கணக்கு திறக்கிற, சேமநிதி பார்க்கிற கணினிக்கு அது ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் "இனிமேல் இது ஓடாது, குப்பையில் போடு" என்று யாராவது சொன்னால் அது பொய்.

இதில் நம் மக்கள் ஏன் அதிகமாக மாட்டிக்கொண்டார்கள் தெரியுமா? 2020, 2021-இல் பள்ளி மூடியிருந்தபோது, பி.டி.பி.ஆர். என்று பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்த காலத்தில், நம் வீடுகளில் பலர் ஆபீசிலிருந்து கழித்துவிட்ட பழைய லேப்டாப்பை வாங்கினார்கள். சிலர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் வாங்கினார்கள். அப்படி வந்தவற்றில் நிறைய இன்டெல்லின் ஆறாம், ஏழாம் தலைமுறை சிப் உள்ளவை. விண்டோஸ் 11-க்கோ, 2017-இல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறை முதல்தான் வேண்டும், ஒரு சில விதிவிலக்கு தவிர. கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி இடமும் வேண்டும். உங்கள் லேப்டாப்பின் சிப் பெயரைப் பாருங்கள். ஐ5-7200 என்று இருந்தால் கோடுக்குப் பின் வருகிற 7 தான் தலைமுறை. 8250 என்றால் எட்டு.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது இங்கேதான், மலை தாண்டிப் பாயான் லெப்பாசில், 1972-இல். நம் அம்மாக்களும் அக்காக்களும் ஷிப்ட் முறையில் கண் கொட்டாமல் உட்கார்ந்து வேலை செய்த தொழில் அது. அந்தக் கைகள் பார்த்த சிப்பைத்தான், ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்று "பழசு" என்கிறார்கள். சரி, அது வேறு கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்.

சிப் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாற மைக்ரோசாப்ட் காசு கேட்பதில்லை. கடைக்காரர் தன் உழைப்புக்குக் கூலி கேட்கலாம், அது நியாயம். "விண்டோஸ் விலை" என்று தனியாகக் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். சில கணினியில் டி.பி.எம். இருக்கும், ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். "இதில் டி.பி.எம். இல்லை" என்று கடையில் சொன்னால், அது இல்லையா, அணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். மைக்ரோசாப்டின் பி.சி. ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியே உங்கள் கணினி தேறுமா தேறாதா என்று சொல்லிவிடும்.

தேறாதவர்களுக்கு? கூடுதல் பாதுகாப்புத் திருத்தம் என்று ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. வீட்டுப் பயனீட்டாளருக்கு அவர்கள் அறிவித்த கடைசித் தேதி 2026 அக்டோபர் 13. அதற்கு 30 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும், அல்லது அவர்களுடைய வெகுமதிப் புள்ளி 1000 கொடுக்க வேண்டும், அல்லது உங்கள் அமைப்புகளை அவர்களுடைய கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம். இதில் கவனியுங்கள். ஐரோப்பியப் பொருளாதார வட்டார நாடுகளில் மட்டும், கணக்கில் நுழைந்தால் போதும், காசும் வேண்டாம், பேக்கப்பும் வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் இறங்கி வந்தார்கள். அங்கே பயனீட்டாளர் அமைப்புகள் எழுதிக் கேட்டன. இங்கே நமக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன் இல்லை? பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிற மாநிலம் இது, நாமும் கேட்கலாம்.

இன்னொரு வழி லினக்ஸ். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், தமிழும் தெரியும். பிள்ளையின் பள்ளிப் பாடம் பெரும்பாலும் பிரவுசரிலேயே நடப்பதால் அதற்குப் போதும். பழக ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ஒரு பொருள் உங்களுக்குத் தேவை என்று பொய்யாகவோ திசைதிருப்பும்படியோ சொல்வதைத் தடுக்கிறது. சேவை என்றால் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. "உன் லேப்டாப் செத்துப் போச்சு, புதுசு வாங்கு" என்று பொய் சொல்லி விற்றாலோ, சொல்லாமல் கொள்ளாமல் அழித்தாலோ, நீங்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வக்கீல் தேவையில்லை, வக்கீல் வரவும் முடியாது, நீங்களே பேசலாம். மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ரசீது வேண்டும். ஆகவே ரசீது கேளுங்கள், அதில் என்ன வேலை என்று எழுதச் சொல்லுங்கள். "கோப்புகளை அழிக்கக் கூடாது" என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

ஆனால் நடுவர் மன்றம் பணத்தைத்தான் வாங்கித் தரும். தாத்தாவின் வாக்குமூலத்தை வாங்கித் தராது. எழுதிக் கொடுத்தவர் இறந்தே போயிருப்பார். அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பிரதி எடுங்கள். ஒரு தம்ப் டிரைவ் போதாது, இரண்டில் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில், அண்ணன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ, வையுங்கள். டெஸ்க்டாப்பில் இருப்பது, டவுன்லோட்சில் கிடப்பது, போனிலிருந்து இறக்கிய படங்கள், எல்லாம் சேர்த்து.

புதுக் கணினியில் இன்னொரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 11 ஹோம் முதல் முறை திறக்கும்போது இணையமும் மைக்ரோசாப்ட் கணக்கும் கேட்கும். அவசரத்தில் கடைப்பையன் தன் மின்னஞ்சலைப் போட்டு முடித்துக் கொடுத்துவிடுவான். 2024-இல் வந்த பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் பல கணினிகளில் உள்ளே இருப்பது தானாகவே பூட்டப்படுகிறது. பூட்டுக்கு 48 இலக்கச் சாவி உண்டு. அந்தச் சாவி போய்ச் சேருவது யாருடைய கணக்கு போடப்பட்டதோ அவரிடம். ஒரு நாள் கணினி அந்தச் சாவியைக் கேட்கும், கடை மூடியிருக்கும், பையன் வேறு வேலைக்குப் போயிருப்பான். ஆகவே உங்கள் வீட்டுப் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, உட்கார்ந்து நீங்களே போடுங்கள். அந்த 48 இலக்கத்தையும் தாளில் எழுதி, ஐசி, பிறப்புப் பத்திரம் வைக்கிற அதே பெட்டியில் வையுங்கள்.

கடைசியாக, பழைய தமிழ்க் கோப்புகள். இதைத்தான் நான் அதிகம் கவலைப்பட்டுப் பேச விரும்புகிறேன். 2007 நவம்பர் 25 பேரணிக்கு முன்னும் பின்னும், 2009-இல் குளுகோர் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்ட நாள்கள் வரையிலும், நம் ஆட்கள் எவ்வளவு தட்டச்சு செய்தார்கள்! அரசாங்கத்துக்குப் போன மனு மலாயில் இருக்கும். ஆனால் கூட்டக் குறிப்பு, கோயில் நிர்வாகத் தீர்மானம், எந்த வீட்டில் யார் எத்தனை வருடம் இருந்தார்கள் என்ற பட்டியல், இவையெல்லாம் தமிழில்தான். அன்றைக்கு முரசு அஞ்சலில் டிஸ்கி எழுத்திலும், பாமினியிலும், அச்சகங்களின் சொந்த எழுத்துருவிலும் அடித்தோம். யூனிகோட் தமிழ் விண்டோஸ் 2000-இலேயே லதா எழுத்துருவோடு வந்துவிட்டது, ஆனால் நம் கைக்குப் பழக வருடங்கள் ஆயின.

அந்தக் கோப்பைப் புதுக் கணினியில் திறந்தால் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தாக வரும். "வைரஸ்" என்று அழித்துவிடுகிறார்கள். ஐயா, அது கெட்டுப் போகவில்லை! கோப்புக்குள் இருப்பது எண்கள். அந்த எண்ணில் எந்தத் தமிழ் எழுத்து குடியிருக்கிறது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். வீட்டு எண் அதேதான், ஆள்தான் வேறு. பழைய எழுத்துருவைப் போட்டால் தமிழ் திரும்ப வரும். அதன்பின் யூனிகோடுக்கு மாற்றலாம். சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்றவை இந்த வேலைக்கென்றே வந்தவை. ஐசி எண் உள்ள பட்டியலை மட்டும் முகம் தெரியாத இணையத்தளத்தில் ஒட்டி மாற்றாதீர்கள். கணினிக்குள்ளேயே செய்யுங்கள்.

ஆகவே பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே, அதிலுள்ள எழுத்துருக்களையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். பேஜ்மேக்கரில் செய்த துண்டறிக்கை இருந்தால் அங்கேயே பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 1990-களின் 16 பிட் மென்பொருள்கள் அதில் ஓடா. புதிதாகத் தட்டுவதற்குக் கவலை வேண்டாம். விண்டோசுக்குள்ளேயே தமிழ்99-உம், நம் நாட்டு முத்து நெடுமாறனின் அஞ்சல் விசைமுறையும் இருக்கின்றன. அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும்.

மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம், பழைய ஹார்ட் டிஸ்க்கையும் விற்க வேண்டாம். கணினியிலிருந்து எடுத்த ஆவணத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்க 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 90ஏ பிரிவில் வழி இருக்கிறது. அந்தக் கணினி வழக்கமான பயன்பாட்டில் இருந்தது என்று அதற்குப் பொறுப்பானவர் சான்று தர வேண்டி வரும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற முதல் கேள்வி, "இது எப்போது தட்டியது, யார் தட்டியது?" மாற்றிய பிரதியில் இன்றைய தேதிதான் இருக்கும். பழைய டிஸ்க்கில் 2008 இருக்கும். யார் தட்டினார்கள் என்பதை, அவர் இருக்கும்போதே, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் பரணில் கிடக்கிற பழைய கணினி, சிடி, பிளாப்பி எதையும் பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் எங்களிடம் காட்டுங்கள். எழுத்துரு மாற்றத் தெரிந்த இளைஞர்கள் சிலர் இன்று இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அந்த ஓரத்து மேசையில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். திறக்கவே திறக்காத கணினியாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், டிஸ்க்கைத் தனியாகக் கழற்றிப் பார்க்கலாம்.