கருவி கொடுத்து நூலைப் பூட்டுவதா?

அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தார் கொடுக்கும் கணினியிலேயே, 'சோரா' என்னும் செயலியின் மூலமாய், பிள்ளைகள் ஊர்ப் பொது நூலகத்தின் மின்நூல்களையும் இரவல் பெறலாம். தவணை முடிந்தால் நூல் தானே திரும்பிவிடும், அபராதம் கிடையாது. ஏழைப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

ஆனால் அந்த இணைப்பைக் கொடுப்பதும் அறுப்பதும் பள்ளி அதிகாரிகள் கையில் இருக்கிறது. பிள்ளைகள் கெட்டுவிடுவார்களென்ற கூச்சலுக்கு 2021இல் டெக்சாஸின் லானோ கவுண்டியில் பொது நூலக மின்நூல் சேவையே நிறுத்தப்பட்டது. புரூக்ளின் பொது நூலகமோ 2022இல், நாட்டில் எங்கிருந்தாலும் 13 முதல் 21 வயதுள்ளவர்களுக்கு இலவச மின்நூல் அட்டை அளித்தது. இவற்றில் எது அறிவுடைமை?

தன் பிள்ளைக்கு வேண்டாமென்பவர் தன் பிள்ளையைத் தடுத்துக்கொள்ளட்டும். ஊரார் பிள்ளைகளைத் தடுக்க அவருக்கு ஏது உரிமையென்று கேட்கின்றோம். இலை போட்டு வாயைக் கட்டுவது விருந்தாகுமா தோழர்களே?